அப்பாவின் பூஜாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது

ஜானகி தீதி பொரியை மென்றுகொண்டே எங்கள் ஆயுத பூஜை மேசையைப் பார்த்தார். மேசைமேல் என் டைப்ரைட்டர் ரிப்பன் டப்பா, வீட்டுக்காரரின் ஸ்பானர்கள், செத்துப்போன அப்பாவின் கொத்தனார் கரண்டி, ரசமட்டம் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கடைசியில் அந்தக் கண்ணாடிப் பூஜாடி.

மெல்லுவதை நிறுத்தினார்.

"யே தோ ஹமாரா ஹை" என்றார். இது எங்களுடையதாச்சே என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லவில்லை. குடை மாறிப்போனால் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நேரம் ஆகும். நல்ல நாளும் அதுவுமாக வீட்டுக்குக் கூப்பிட்டுப் பொரி கடலை கொடுத்தால், சாமி மேசையில் இருப்பதைத் தன்னுடையது என்கிறாளே இந்த அம்மாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பாவோடது தீதி" என்றேன்.

"இருக்கும்" என்றார். "எங்கள் வீட்டில் இருந்ததில் இடுப்புக்குக் கீழே ஒரு விரிசல் உண்டு. ஏழெட்டு வயதில் நான்தான் தள்ளிவிட்டேன். என் அப்பா, பாபுஜி, தூப் மரத்துப் பிசினை உருக்கி அடைத்தார். அதற்கப்புறமும் ஒழுகும். நீ தண்ணீர் ஊற்றிப் பார். ஒழுகாவிட்டால் நான் சொன்னது தப்பு."

மிச்சப் பொரியையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அது எந்த வருஷம்?

வருஷம் கேட்காதீர்கள். ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு கரண்ட் வந்துவிட்டது, குழாய்த் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. நான் கப்பல் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஜானகி தீதி அதே ஆபீஸில் தபால் அனுப்பும் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர், அதனால் தீதி, அக்கா. வெள்ளைக்காரன் கப்பலில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்திலிருந்தே இந்தத் தீவில் இருக்கும் குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது தீவு ஹிந்தியில்தான். இங்கே தமிழாக எழுதுகிறேன்.

பூஜாடி ஒன்றரை சாண் உயரம் இருக்கும். சுண்டிய பச்சை நிறம். கழுத்து ஒடுங்கி, வாய் சுருக்குப் பாவாடை ஓரம் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். வெயிலில் பிடித்தால் உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள் தெரியும். அப்பா செத்தபோது அண்ணன் தம்பி என்று பங்கு கேட்க எனக்கு யாருமில்லை. அவர் விட்டுப்போனது கொத்து வேலைச் சாமான் ஒரு சாக்கும் இந்தப் பூஜாடியும்தான்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு மட்டும் அப்பா தன் கையால் துடைத்துச் சந்தனம் வைப்பார். எப்போதும் ஒரே இடத்தில், இடுப்புக்குக் கீழே, கெட்டியாக. காய்ந்தபின் யாராவது சுரண்டினால் கத்துவார். நாங்கள் அதை ஏதோ சாமிக் காரியம் என்றே நினைத்தோம். அம்மா வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவாள். அப்பா போனபிறகு நானும் பழைய கறை தெரிந்த அதே இடம் பார்த்துத்தான் சந்தனம் வைத்தேன்.

தீதி 'இடுப்புக்குக் கீழே' என்று சொன்னதும் என் கண் முதலில் போனது அந்தச் சந்தனப் பொட்டுக்குத்தான்.

மூன்று கதைகள்

அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சண்டைக்கு முன்பே கொத்தனாராக இங்கே வந்தவர். ஊரில் கொத்தனார், தீவில் மிஸ்திரி. அம்மா பிரசவத்துக்காக மெயின்லாண்டு போன நேரம் பார்த்து ஜப்பான்காரன் வந்து இறங்கிவிட்டான். கப்பல் நின்றது, கடுதாசி நின்றது. நான் பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்த பிறகுதான் சண்டை முடிந்து அப்பாவைப் பார்த்தேன். அம்மா இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று கப்பல் வந்து நிற்கும் துறையில் அழுதேனாம்.

அம்மா வீட்டுக்குள் வந்ததும் இரண்டு விஷயங்களைப் பார்த்தாள். இல்லாத ஒரு சாமான் இருந்தது, இருந்த ஒரு சாமான் இல்லை.

இருந்தது, பூஜாடி. இல்லாதது, அவள் சீராகக் கொண்டுவந்து விட்டுப்போன பித்தளைத் தூக்குச்சட்டி. 'பாக்கியம்' என்று அவள் பேர் வெட்டியது. நம் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் கரண்டி முதல் அண்டா வரை பேர் வெட்டித்தானே கொடுப்போம். அந்தத் தூக்குச்சட்டிக்காக அம்மா சாகும்வரை அப்பாவைக் கரித்துக் கொட்டினாள்.

"வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷனுக்கு எங்கண்ணன் கொடுத்த தூக்குச்சட்டி என்னத்துக்கு? எங்க தொலைச்சீங்க?"

"ஜப்பான்காரன் கொண்டுபோய்ட்டான்" என்பார் அப்பா. எல்லாக் கேள்விக்கும் அவருக்கு அந்த ஒரே பதில்தான்.

பூஜாடிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். அம்மாவிடம், ஒரு துரை கொடுத்தார் என்றார். என்னிடம், கல்கத்தா ஏலத்தில் வாங்கியது என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கேட்டபோது, கடலில் மிதந்து வந்தது என்றார். உண்மை ஒன்றாக இருந்தால் எதற்கு மூன்று சொல்ல வேண்டும் என்று தீதி வந்துபோன அன்று வரை எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

எல்லாம் பெல்ஜியம்

தீதியின் அப்பா ஜப்பான் காலத்தில் கொண்டுபோகப்பட்டவர். உளவு சொன்னார் என்று பிடித்தார்கள், திரும்பி வரவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

பேசாத இன்னொன்றும் உண்டு. அந்த மாதிரி ஆள் காட்டிக்கொடுத்தவர்களுக்கு, போனவன் வீட்டுச் சாமான் கூலியாகக் கிடைத்தது என்று ஊரில் முணுமுணுப்பார்கள்.

என் பயத்தை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பா திருடினாரா என்பது சின்னக் கேள்வி. எதிரே துரைமார் குடியிருந்த ராஸ் தீவிலிருந்து வெள்ளைக்காரன் போனதும் பாதி ஊர் அங்கேதான் சாமான் எடுத்தது. கதவு, கீல், நாற்காலி, ஒரு வீட்டில் துரைமார் குளிக்கிற தொட்டியில் மாடு தண்ணீர் குடித்தது. கேட்டால் எவரும் 'எடுத்தோம்' என்று சொல்ல மாட்டார்கள், 'பாதுகாத்து வைத்தோம்' என்பார்கள். அதோடு போனால் பரவாயில்லை. ஆனால் அப்பா அதைவிட மோசமான ஏதாவது செய்துதான் இந்தப் பூஜாடி எங்கள் வீட்டுக்கு வந்ததா?

சண்டை சமயத்தில் செய்த புதுப் பூஜாடி என்று தெரிந்துவிட்டால் போதும், தீதி சின்ன வயதில் தள்ளிவிட்டது இதுவாக இருக்க முடியாது, அப்பா தப்பித்தார். ஆகவே அதன் வயதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினேன். மரம் அறுக்கும் சாத்தம் மில்லிலிருந்து மரத்தூள் வாங்கிவந்து, பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டி, நடுவில் பூஜாடியைப் புதைத்து எடுத்துக்கொண்டேன்.

அபர்டீன் பஜாரில் கண்ணாடிச் சாமான் விற்கும் முதலாளி நகத்தால் சுண்டினார். டிங் என்றது.

"பெல்ஜியம்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சத்தத்தைக் கேட்டியா? பெல்ஜியம்தாம்மா."

பக்கத்தில் இருந்த அவர் கடை லாந்தர் கண்ணாடியை நானே சுண்டினேன். அதுவும் டிங் என்றது.

"அது?"

"அதுவும் பெல்ஜியம்தான்" என்றார் கூசாமல். நல்ல கண்ணாடி என்றால் நம் ஆட்களுக்கு பெல்ஜியத்தை விட்டால் வேறு நாடு கிடையாது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரிடம் காட்டினேன். கம்பெனி மார்க் இருந்தால் சொல்லலாம் என்றார். அடியிலும் வாயிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். ஒரு எழுத்துகூட இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் ஒரு கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன். தீதியோ தன் பாட்டுக்குத் தபாலுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகப் பூஜாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் சண்டையாவது போடலாம்.

காதர் பாய் அடியைத் தடவினார்

மெட்ராஸ் கப்பல் வந்தது. அதில் பரிமாறும் பிரிவுக்குத் தலைவர் நாகூர் காதர் பாய். வெள்ளைக்கார கேப்டன்கள் காலத்திலிருந்து கண்ணாடியும் பீங்கானும் கழுவிப் பழகியவர். கப்பல் துறையிலேயே அவரைப் பிடித்தேன்.

பாய் சுண்டிப் பார்க்கவில்லை. பூஜாடியைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அடியைத் தடவினார்.

"இங்க தொடும்மா. நடுவுல சொரசொரன்னு ஒரு தழும்பு இருக்கா? ஊதினவன் குழல்ல ஊதி, அடியில ஒரு கம்பியை ஒட்டிப் பிடிச்சு வாயை மடிச்சிருக்கான். கம்பியை ஒடிச்ச இடம் இது. அச்சுல வார்த்ததுன்னா பக்கவாட்டுல தையல் மாதிரி கோடு ஓடும். இதுல இருக்கா? இல்லை. மனுஷன் ஊதினது."

"வயசு, பாய்?"

"அடி விளிம்பு பாரு, தேஞ்சு வெளுத்திருக்கு. வருஷக்கணக்கா மேசையில நின்னு தேஞ்சது. நாப்பதுக்குக் குறையாது. அம்பதும் இருக்கும். சீமையில ஊதினது, துரை பங்களாச் சாமான். ராஸ் தீவுல பெரிய வீட்டு மேசைகள்ல இந்த மாதிரிப் பார்த்திருக்கேன்." சந்தனப் பொட்டின்மேல் விரலை வைத்தார். "இது என்னம்மா, இதுக்கடியில மேடா இருக்கே?"

பிடுங்கி டின்னில் போட்டு மூடிவிட்டேன். பாவம், உதவி செய்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பேசினால் ஊசி மாதிரி இருக்கும்.

"ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா தெரிஞ்சிடும். அதுக்கு ஏன் ரெண்டு வாரமா டின்னைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தறே?"

"வயசு தெரிய வேண்டாமா?"

"வயசா வேணும் உனக்கு? தண்ணி ஊத்தப் பயம்."

அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சரியாகச் சொல்லிவிட்டார் என்ற ஆத்திரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மீன் வாங்கப் போயிருந்தார். பூஜாடியை மேசைமேல் வைத்தேன். 'அப்பா, மன்னிச்சுக்குங்க' என்று வாய்விட்டுச் சொல்லி, சொம்பைச் சாய்த்தேன். அந்த வீட்டில் அதற்குள் தண்ணீர் விழுந்த சத்தத்தை முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பூஜாடியைப் போய் ஓட்டை என்றாளே என்று நினைத்தேன்.

அப்போது சந்தனப் பொட்டின் நிறம் மாறியது. வெளிறியிருந்தது மெல்ல இருண்டு, ஓரம் இளகி, மஞ்சளாக ஒரு நூல் கீழே இறங்கியது. துடைத்தேன். சந்தனம் வந்ததும் அடியில் தேன் நிறத்தில் பிசின், விரல் நீளத்துக்கு. யாரோ நிதானமாகப் பூசிய பூச்சு. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

அப்பாவுக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர் சாமி கும்பிடவில்லை, இதை மூடிவைத்தார். உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து புடவை மாற்றினேன்.

டெய்ரி ஃபார்ம்

தீதி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். டின்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். பூஜாடியை எடுத்து, மரத்தூளை ஊதிவிட்டு, பிசினைக் கட்டைவிரலால் தடவினார். கொஞ்ச நேரம் அந்த விரலை எடுக்கவே இல்லை.

"பாபுஜிக்கு இந்த வேலையெல்லாம் சரியாக வராது" என்றார்.

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். "தீதி, எங்கப்பா இதை எப்படி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. திருடியிருக்கலாம். அதைவிட மோசமாகவும் இருக்கலாம். அதைக் கேட்க அவரும் இல்லை. உங்களுக்கு என்ன திட்டணுமோ என்னைத் திட்டுங்கள்."

தீதி திட்டவில்லை. "உட்கார், சாய் போடுகிறேன்" என்று உள்ளே போனார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பின்னாலேயே அடுப்படிக்குப் போய் நின்றேன்.

சர்க்கரைக்காக மேல் பலகையிலிருந்து ஒரு பித்தளைப் பாத்திரத்தை இறக்கினார். மூடியைத் திறந்தார். கைப்பிடி சேரும் இடத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, பச்சை பிடித்துப்போன எழுத்துகள் இருந்தன.

குனிந்து எழுத்துக் கூட்டினேன். "இது ஏது தீதி?"

"இதுவா? அம்மா காலத்தது. கம்பெனி மார்க் போட்டிருக்கிறது பார். அந்தக் காலத்துச் சாமான், உடையாது."

"அது கம்பெனி இல்லை தீதி. தமிழ். எங்கம்மா பேர். பாக்கியம் என்று வெட்டியிருக்கிறது."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

உப்பு

தீதி மெதுவாகச் சொன்னார்.

அவர் அப்பாவைக் கொண்டுபோன பிறகு அந்த வாசலை எவரும் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டார் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். பேசினால் அடுத்து அவர்கள்தான் என்ற பயம். வீட்டில் அரிசி இல்லை. அப்போது விடியற்காலையில் பின்பக்கப் படியில் ஒரு பாத்திரம் இருக்கும். உள்ளே மரவள்ளிக் கிழங்கு, அவித்தது. உப்புக்குத் தட்டுப்பாடு, அதனால் கடல் தண்ணீரிலேயே அவித்திருப்பார்கள்.

"வாயில் வைக்க முடியாது, அப்படிக் கரிக்கும். முகத்தைச் சுளித்தால் அம்மா அடிப்பாள். யார் வைக்கிறார்கள் என்று கேட்டேன். 'ஒரு மிஸ்திரி' என்பாள். பேர் சொல்லவே மாட்டாள். சொன்னால் குழந்தை வாயிலிருந்து வெளியே வந்துவிடும் என்று பயம். ஒருநாள் விழித்துப் பார்த்தேன், பூஜாடி இல்லை. பிடிபட்டவன் வீட்டில் இங்கிலீஷ்காரன் சாமான் இருந்தால் வம்பு என்று அம்மா அந்த மிஸ்திரியிடம் கொடுத்தனுப்பியிருப்பாள். அவர் தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு மாமா வந்து எங்களைப் பாராடாங் தீவு மரவெட்டு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் படியில் இருந்த பாத்திரம் எங்களோடு வந்துவிட்டது. நான் இந்த ஊருக்குத் திரும்பியது அம்மா போனபிறகுதான்."

"பூஜாடியை அவர் எடுத்துப்போனதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்."

எனக்குக் குரல் எகிறியது. "திருடப் போகிறவன், பெண்டாட்டி பேர் வெட்டின தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டுவிட்டு வருவானா தீதி?"

"வரமாட்டான்" என்றார் தீதி. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாமேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இவ்வளவு சின்ன ஊரில் விசாரித்திருக்கலாம், பாராடாங் போகிற படகில் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு 'ஜப்பான்காரன் கொண்டுபோய்ட்டான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேர் சொன்னால் உயிர் போகும் என்றிருந்த காலத்தில் வாயை மூடியவருக்கு, அப்புறம் திறக்க வரவில்லையோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது தீதி சர்க்கரையை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்தார்.

"கொடுங்கள்" என்று கை நீட்டினேன்.

"சும்மா இரு. பாத்திரத்தைக் காலியாகவா திருப்பிக் கொடுப்பார்கள்?"

கொல்லையில் போய்க் கிழங்கு பிடுங்கி வந்தார். நான் தோல் சீவினேன், அவர் அடுப்பில் ஏற்றினார். பூஜாடி அவர் வீட்டு ஜன்னலில் வெயில் பட்டு நின்றது. உப்பு டப்பாவைத் திறந்தவர் ஒரு கை போட்டார், என்னைப் பார்த்தார், இன்னொரு கையும் போட்டார்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், சூடு புடவையைத் தாண்டித் தொடையில் சுட்டது. நகர்த்தி வைக்கத் தோன்றவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் பசியோடு காத்திருந்தார். மீன் அப்படியே கிடந்தது. எங்கே போனாய், பூஜாடி எங்கே என்று எதுவும் கேட்காமல், மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் கோணியது.

"என்னடி இது, இப்படி உப்புக் கரிக்குது? யார் சமைச்சது?"

"பேசாம சாப்பிடுங்க" என்றேன். "எங்கப்பா சமையல்."